செய்திக்கு வழி கண்ட மக்சிம்

மக்சிம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இயந்திரத் துப்பாக்கிதான். ஆனால் வானொலிப் பைத்தியமான எனக்கு, அதை உருவாக்கிய தந்தையை விட மகன் ஹைரம் பேர்சி மக்சிமே பெரியவர். 1869இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்த அவரும் ஒரு பொறியியலாளர். தந்தை துப்பாக்கி செய்தார். மகன் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவிக்கு 1909இல் காப்புரிமை பெற்றார்!

1914இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரில் அவரிடம் ஒரு கிலோவாட் நிலையம் இருந்தது. அமெச்சூர்களுக்குச் சட்டம் அனுமதித்த உச்ச வலு அதுதான். ஸ்பிரிங்பீல்டில் ஒருவரிடம் வெற்றிடக் குழாய் ஒன்று விற்பனைக்கு இருப்பதாக அறிந்து அவரை அழைத்தார். தூரம் ஏறத்தாழ 30 மைல்தான், எட்டவில்லை. இடைவழியில், வின்ட்சர் லொக்ஸில் இருந்த ஓர் அமெச்சூர் அந்தச் செய்தியை வாங்கிக் கடத்தினார்.

வேறொருவர் என்றால் அன்டெனாவை உயர்த்தியிருப்பார். மக்சிம் இடையில் நின்ற அந்த மனிதரைக் கவனித்தார். இப்படிப்பட்டவர்களை நாடு முழுவதும் ஒழுங்குபடுத்தினால் செய்தி எங்கும் போகும் அல்லவா? கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞருடன் சேர்ந்து அதே ஆண்டில் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக்கைத் தொடங்கினார். ரிலே என்றால் நமது அஞ்சலோட்டம்தான். கைமாறுவது கோல் அல்ல, மோர்ஸ் தந்தி.

முன்பின் தெரியாதவர் கையில் செய்தி சிதையாமல் போகவேண்டும் என்பதே சிக்கல். இந்த வலையமைப்புகளில் ஒவ்வொரு செய்திக்கும் இலக்கம், புறப்பட்ட நிலையம், சொற்களின் எண்ணிக்கை ஆகியவை உண்டு. வாங்குபவர் சொற்களை எண்ணுவார். கணக்குப் பிழைத்தால் கேட்டுத் திருத்திய பின்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார். கூலி கிடையாது. நீண்ட தூரத்துக்கு முதன்மைத் தடங்களும் வகுக்கப்பட்டன. 1917 பெப்ரவரியில் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன செய்திக்கு 1 மணி 20 நிமிடத்தில் பதில் திரும்பி வந்தது.

இரண்டே மாதத்தில் அமெரிக்கா போரில் இறங்க, அமெச்சூர் நிலையங்கள் மூடப்பட்டன. மீண்டும் ஒலிபரப்ப 1919இன் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1923இல் குறைந்த அலைநீளத்தில் அத்திலாந்திக்கின் இரு கரைகளும் பேசிக்கொண்டன. பின்னர் சிற்றலை வந்ததும், இடைநிலையமே இல்லாமல் கண்டங்கள் இணைந்தன. 1925இல் பாரிஸில் உருவான சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்துக்கு மக்சிமே முதல் தலைவர்.

அஞ்சலோட்டம் அதோடு செத்துவிடவில்லை. சிற்றலை ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் எட்டாது. பகலுக்கு ஒரு அலைவரிசை, இரவுக்கு இன்னொன்று. மக்சிம் 1936 பெப்ரவரியில் காலமானார். 1949இல் லீக் தேசிய செய்திப் போக்குவரத்து முறையை அமைத்தது. உள்ளூர் வலையமைப்பு பிராந்தியத்துக்கும், பிராந்தியம் பெருவலயத்துக்கும் குறித்த நேரத்தில் செய்திகளைக் கைமாற்றும். அவரது அழைப்புக் குறியீடான டபிள்யூ1ஏடபிள்யூ இன்று லீக்கின் தலைமையக நிலையத்தினுடையது.