ஆமதாபாத்தில் ஒரு வித்யாதானம்: டாக்டர் விக்ரம் சாராபாய்

எங்கள் தகப்பனார் பெயரில் ஒரு சிறிய தர்ம டிரஸ்ட் இருக்கிறது. சகோதர சகோதரிகள் ஐந்து பேர், ஐந்து ஊர்களில் இருக்கிறோம். வருஷத்துக்கு ஏழெட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டுகிறோம். எங்கள் சக்தி அவ்வளவுதான். சென்ற வருஷக் கூட்டத்தில் புனேயில் இருக்கும் என் தம்பி பிள்ளை ஒரு யோசனை சொன்னான். இப்படிப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதைவிட, ஏதாவது ஒரு கிராமப் பள்ளிக்குப் பெரிய திரையும் பாடப் படங்களும் வாங்கிக் கொடுத்துவிட்டால் நூறு குழந்தைகள் பார்க்குமே என்றான். என் மூத்த சகோதரிக்கு இதில் சம்மதம் இல்லை. சம்பளம் நின்றால் நின்றுபோகும் குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். பேச்சு முற்றி, இரண்டு மாதம் இருவருக்கும் போக்குவரத்தே இல்லை. நான் நடுவில் மாட்டிக் கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் எனக்கு டாக்டர் விக்ரம் சாராபாயின் நினைவு வந்தது.

1966ல் வங்கி உத்தியோகத்தில் நான் ஆமதாபாத் போய்ச் சேர்ந்தபோது எனக்கு வயது 22. நம்மவர்கள் நிறைய இருந்த மணிநகரில் ஜாகை. ஊரில் எந்தக் கல்விச் சாலையைப் பற்றி விசாரித்தாலும் கடைசியில் சாராபாய் குடும்பத்தில் போய் நிற்கும். மில் முதலாளிகள் கோயில் கட்டுவார்கள், சத்திரம் கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்த எனக்கு, வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய ஒரு முதலாளி குடும்பம் பணம் கொடுத்தது விசித்திரமாக இருந்தது.

விக்ரம் பிறந்தது 1919ஆம் வருஷம் ஆகஸ்ட் 12ஆம் தேதி. தந்தை அம்பாலால் சாராபாய், காலிகோ மில்லின் அதிபர். தாயார் சரளாதேவி. குழந்தைகள் எட்டுப் பேர். வெளியே எந்தப் பள்ளியும் திருப்தி அளிக்காததால் ஷாஹிபாகில் இருந்த தங்கள் பங்களாவிலேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தி, மாண்டிஸோரி முறையில் எட்டுப் பேரையும் படிக்க வைத்தார்கள். பணக்காரர் வீட்டு விளையாட்டு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தின் கொடைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1915ல் மகாத்மா காந்தி கோச்ரப் ஆசிரமத்தில் ஒரு ஹரிஜனக் குடும்பத்தைச் சேர்த்துக் கொண்டதும் ஊரார் உதவியை நிறுத்திவிட்டார்கள். கையில் பணம் தீர்ந்த நிலையில் ஒருவர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பெயரைக் காந்திஜி தம் சுயசரிதையில் எழுதவில்லை. அம்பாலால்தான் அவர் என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த நாளில் நம் பெரியவர்களில் எத்தனை பேர் அப்படிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. பதில் அவ்வளவு சௌகரியமாக இல்லை.

விக்ரம் கேம்பிரிட்ஜில் படித்து 1940ல் பட்டம் பெற்றார். யுத்தம் காரணமாகத் தாய்நாடு திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அங்கேதான் மிருணாளினியைச் சந்தித்தார். மிருணாளினியின் தகப்பனார் சென்னையில் பெயர் பெற்ற வக்கீல் சுவாமிநாதன். தாயார் அம்மு சுவாமிநாதன். தமக்கை நேதாஜியின் படையில் இருந்த கேப்டன் லக்ஷ்மி. பந்தநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர் மிருணாளினி. 1942ல் கல்யாணம். அது வெள்ளையனே வெளியேறு போராட்ட காலம். பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு வந்து சேர முடியவில்லை.

மறுபடியும் கேம்பிரிட்ஜ் சென்று 1947ல் டாக்டர் பட்டத்துடன் வந்தார். அப்போது அவருக்கு வயது 28. அதே வருஷம் நவம்பர் மாதம் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தை ஆரம்பித்தார். பணம் கொடுத்தவை இரண்டு ஸ்தாபனங்கள். ஒன்று சாராபாய் குடும்பத்தின் தர்ம ஸ்தாபனமான கர்மக்ஷேத்ர கல்வி அறக்கட்டளை. இன்னொன்று ஆமதாபாத் கல்விச் சங்கம். எம்.ஜி. ஸயன்ஸ் கல்லூரியில் சில அறைகளோடு ஆரம்பித்த வேலை அது. முதல் டைரக்டராக வந்தவர் யார் தெரியுமா? பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்த டாக்டர் கே.ஆர். ராமநாதன்! வானிலை இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்தார். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை தன் குடும்பப் பணத்தில் தொடங்கிய கூடத்துக்குத் தானே தலைவனாக உட்காராமல், தன்னைவிட இருபத்தாறு வயது மூத்தவரை அழைத்து உட்கார வைத்தார். டிரஸ்ட் நடத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது தெரியும். 1952ல் கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் ராமன். 1954ல் திறந்து வைத்தவர் நேரு. பிறகு மத்திய, மாநில அரசுகளும் சேர்ந்து கொண்டன. காலிகோ மில் 1990களில் மூடப்பட்டுவிட்டது. ஆராய்ச்சிக் கூடம் இன்றும் நடக்கிறது.

இந்திய மேலாண்மைக் கழகம், துணி ஆராய்ச்சி நிலையம், தும்பாவில் 1963ல் பறந்த முதல் ராக்கெட், 1969ல் இஸ்ரோ, டாக்டர் ஹோமி பாபா மறைவுக்குப் பின் 1966ல் அணுசக்திக் கமிஷன் தலைமை - இவற்றை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள்; விவரிக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். குழந்தைகள் கையால் செய்து பார்த்து விஞ்ஞானம் கற்க, ஆமதாபாத்தில் சமூக விஞ்ஞான மையம் ஒன்றையும் அவர் தொடங்கினார். 1968 டிசம்பர் 22ஆம் தேதி அங்கே ராமன் வந்து, வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று பேசினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பஜனை, பிறகு பொங்கல் பிரசாதம், அதன்பின் தூக்கம் என்று நான் மணிநகரிலேயே இருந்துவிட்டேன். இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.

இனி டெலிவிஷன் விஷயம். அந்த நாளில் நாட்டில் டில்லியில் மட்டும்தான் டெலிவிஷன் இருந்தது. பெரிய நகரங்களில் நிலையம் கட்டி மெல்ல மெல்லக் கிராமத்துக்குப் போகலாம் என்பதே பொதுவான எண்ணம். சாராபாய் இதைத் தலைகீழாகத் திருப்பினார். ஒரு செயற்கைக்கோள் இருந்தால், ரோடு கூட இல்லாத கிராமமும் டில்லியும் ஒன்றுதான். ஆகவே ஆசிரியர் கிடைக்காத கிராமத்திலிருந்து ஆரம்பிப்போம் என்றார். ஏழை நாட்டுக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1967 ஜனவரி 26ல் டில்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் விவசாயிகளுக்கான க்ருஷி தர்ஷன் தொடங்கியது ஒரு முன்னோட்டம். 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸாவுடன், ஒரு வருஷத்துக்குச் செயற்கைக்கோளை இரவல் வாங்க ஒப்பந்தம் ஆயிற்று.

அது நடைபெற்றதை அவர் பார்க்கவில்லை. 1971 டிசம்பர் 30ஆம் தேதி கோவளத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். வயது 52தான். அணுசக்தி, ராக்கெட், குடும்ப வியாபாரம், அரை டஜன் ஸ்தாபனங்கள் என்று இத்தனை பொறுப்புகளை ஒரே உடம்பில் ஏற்றிக் கொண்டது சரியா என்று எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. ரேடியோவில் செய்தி கேட்டு எங்கள் ஆபீஸில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை.

1975ல் எனக்குக் குல்பர்காவுக்கு மாற்றல். அந்த ஆகஸ்ட் முதல் தேதி செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, சுருக்கமாக ஸைட், ஆரம்பமாயிற்று. ஆறு மாநிலங்களில் 20 மாவட்டங்கள், 2,400 கிராமங்கள். ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்று நாலு பாஷைகள். காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் பெரியவர்களுக்கு இரண்டரை மணி நேரம். விடுமுறைகளில் சுமார் 50,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உண்டு. கடன் மனு விசாரிக்கப் போன ஒரு கிராமத்தில் பார்த்தேன்: பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் கோழிக்கூண்டுக் கம்பி வலையால் செய்த பத்தடி அகல ஆன்டெனா. ஆமதாபாத்தில் வடிவமைத்தது. உள்ளே அறுபது குழந்தைகள் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. வாசலில் செருப்புகளே இல்லை. யாருக்கும் செருப்பு கிடையாது. சாயங்காலக் கூட்டம் முதல் மாதத்தில் திருவிழா மாதிரி இருந்தது, போகப் போகக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1976 ஜூலை 31ஆம் தேதியோடு இரவல் முடிந்தது. செயற்கைக்கோள் கிளம்பிவிட்டது. ஆகஸ்டில் மறுபடி அந்தக் கிராமத்துக்குப் போனபோது பெட்டி துணி போர்த்தி மூலையில் இருந்தது. எட்டு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை என்னைச் சர்க்கார் ஆள் என்று நினைத்து, மறுபடி எப்போது வரும் என்று கன்னடத்தில் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 1977ல் குல்பர்காவில் ஒளிபரப்பு நிலையம் வந்தது. அதற்குள் எனக்கு மறுபடி மாற்றல்.

தை மாதம் எங்கள் டிரஸ்ட் கூட்டம். என் சகோதரியும் தம்பி பிள்ளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திரை வாங்கலாமா கூடாதா என்று நான் பேசப் போவதில்லை. வாங்கினால் இரண்டாம் வருஷம் அதைப் பழுது பார்க்க யார் போவது, அதற்கு எவ்வளவு எடுத்து வைப்பது என்று மட்டும் அந்தப் பையனைக் கேட்கப் போகிறேன். அவன் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால், என் சகோதரியிடம் நானே பேசுகிறேன்.