திரும்பும் வழியைக் கற்பித்த ஆசிரியர்

நீருக்குள் மூழ்கியோர் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் கடலையே நினைப்பர். முத்துக் குளித்தோரும் மூழ்கிய கப்பல்களைத் தேடியோரும் கடலுக்கே உரியவர். ஆனால், நிலத்தின் வயிற்றினுள்ளே, ஞாயிற்றின் ஒளி ஒருபோதும் எட்டாத கற்குகைகளில், தெளிந்த நன்னீர் நிறைந்தோடும் வழிகளும் உள. அவ்வழிகளிற் சென்று மீள்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஷெக் எக்ஸ்லி. தொழிலால் அவர் ஒரு கணித ஆசிரியர். அவர் எட்டிய ஆழங்களையும் தூரங்களையும் பின்வந்தோர் கடந்துவிட்டனர். ஆயினும், உயிரோடு மீளும் வழியை அவர் பிறருக்குக் கற்பித்த பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை. அவரது வாழ்வின் பெருமையும் துயரமும் அப்பாடத்திலேயே அடங்கியுள்ளன.

எக்ஸ்லி 1949 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி, புளோரிடா மாநிலத்தின் ஜக்சன்வில் நகரிற் பிறந்தார். அம்மாநிலத்தின் வடபகுதி முழுவதும் சுண்ணாம்புக்கற் படுகையின் மேல் அமைந்தது. பெய்யும் மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, அக்கல்லைப் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்துவந்தது. அவ்வரிப்பினால் நிலத்தின் கீழே சுரங்கங்களும் மண்டபங்களும் உண்டாயின. அவற்றினூடாக ஓடும் நீர், வக்குல்லா, பீக்கொக், ஜின்னி முதலிய ஊற்றுக்களாக வெளியே பொங்குகின்றது. கோடையாயினும் மாரியாயினும் அந்நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 20 முதல் 22 பாகை செல்சியசாகவே நிற்கும். நீரோ பளிங்கு போன்றது. கரையில் நிற்பவன் கண்ணுக்கு, ஊற்றின் அடியிலுள்ள குகைவாய் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும்.

அத்தெளிவே பலருக்குக் காலனாயிற்று. 1943 ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் கூஸ்தோ, கஞ்ஞான் என்னும் இருவர், முதுகிற் சுமந்து சென்று நீரினுள் மூச்சுவிடத்தக்க காற்றுக் கருவியை உருவாக்கினர். அக்கருவி சில ஆண்டுகளிற் கடைகளில் விலைக்குக் கிடைக்கலாயிற்று. கடலிற் பழகிய இளைஞர்கள் அதனைப் பூட்டிக்கொண்டு ஊற்றுக் குகைகளினுள் நுழைந்தனர். கடலிற் கருவி பழுதுற்றால் மேலே எழலாம். குகையிலோ மேலே இருப்பது கற்பாறை. வந்த வழியாலன்றி வெளியேற வேறு வழி இல்லை. அவ்வழியிலும் நுண்ணிய வண்டல் படிந்திருக்கும். காலிற் பூட்டிய துடுப்பு ஒருமுறை அதனைத் தீண்டினாற் போதும். பளிங்கு நீர் கணப்பொழுதிற் கலங்கிச் சேறாகும். அப்பொழுது மின்சூளின் ஒளி முகத்துக்கு முன்னேயே மங்கிப்போகும். வாயில் எத்திசையில் என்பதறியாது தடவித் தடவியே காற்றுத் தீர்ந்து மாண்டவர் பலர். கடலில் நெடுங்காலம் பழகிய தேர்ச்சியுடையோரும் அவருள் இருந்தனர்.

எக்ஸ்லி 1965 ஆம் ஆண்டில், தமது பதினாறாவது வயதிற் சுழியோடத் தொடங்கினார். குகைகளின் கவர்ச்சி அவரை விரைவிலேயே பற்றிக்கொண்டது. இருபத்துமூன்று வயதிலேயே ஆயிரம் முறை குகைநீரினுள் சென்று மீண்டிருந்தார். அவ்வெண்ணிக்கையை உலகில் முதன்முதல் எட்டியவர் அவரே. வாழ்நாள் முடிவில் அத்தொகை நாலாயிரத்தைக் கடந்திருந்தது. பின்னர் லைவ் ஓக் என்னும் சிற்றூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கணிதம் கற்பித்தார். ஊற்றுக்கள் மலிந்த பகுதி அது. கிழமை நாட்களிற் கரும்பலகை; ஓய்வு நாட்களிற் குகை. இவ்விரண்டும் அவருக்கு வெவ்வேறு உலகங்களாக இருந்தனவென்று எண்ணல் தகாது. குகையில் உயிர் பிழைத்தலை ஒரு கணக்காகக் கண்டமையே அவருடைய தனிச்சிறப்பாகும்.

சாவுகள் பெருகவே, ஊற்றுக்களை மூடிவிட வேண்டுமென்ற குரல் எழுந்தது. விதியென்று சொல்லி அழுதோரும் உண்டு. துணிச்சற்காரரின் மடமையென்று இகழ்ந்தோரும் உண்டு. எக்ஸ்லி இவ்விரு சாராரோடும் சேர்ந்தாரல்லர். இறந்தோர் ஒவ்வொருவரும் எப்படி இறந்தனர் என்று ஆராயப் புகுந்தார். குகையினுள் சென்று இறந்தோரின் உடல்களை மீட்கும் பணியிலும் ஈடுபட்டார். காற்றுக் கலத்தில் எஞ்சியிருந்தது எவ்வளவு, கயிறு கட்டப்பட்டிருந்ததா, எந்த ஆழத்துக்குச் சென்றனர் என்றெல்லாம் குறித்து ஒப்பிட்டார். அங்ஙனம் ஒப்பிடுகையில், வேறுவேறாகத் தோன்றிய சாவுகள் மிகச் சில காரணங்களுள் அடங்கின. 1973 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய குகையியற் சங்கத்திற் குகைச் சுழியோடலுக்கெனத் தனிப்பிரிவு தோன்றிற்று. அதனை உருவாக்கிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 1979 ஆம் ஆண்டில் அவர் தமது ஆராய்ச்சியை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அந்நூலின் அமைப்பே கருத்தைக் கவர்வது. அதிகாரந்தோறும் முதலில் ஒரு சாவின் வரலாறு கூறப்படும். அதன்பின் அச்சாவைத் தடுத்திருக்கக்கூடிய விதி விளக்கப்படும்.

அவ்விதிகளுள் மூன்று தலையாயவை. முதலாவது, குகைக்கு வெளியேயுள்ள திறந்த நீரிலிருந்து அறுபடாத ஒரு கயிற்றை இட்டுச் செல்லல் வேண்டும். நீர் கலங்கிக் கண் பயன்படாதபோது, கையிற் படும் அக்கயிறே கண்ணாகும். இரண்டாவது, காற்றை மூன்று பங்காகப் பிரித்தல் வேண்டும். ஒரு பங்கு உட்செல்வதற்கு; ஒரு பங்கு மீள்வதற்கு; எஞ்சிய பங்கு எதிர்பாராத இடருக்கு. மூன்றாவது, சாதாரண காற்றைச் சுவாசிப்போர் 130 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 40 மீற்றருக்குக் கீழே செல்லலாகாது.

காற்றின் மூன்றிலொரு பங்கு என்னும் விதியைக் கணித ஆசிரியரின் கண்கொண்டு நோக்கின் அதன் அழகு புலனாகும். இருவர் சேர்ந்து செல்கின்றனர். ஒவ்வொருவரிடமும் 120 அலகு காற்று இருக்கின்றது எனக் கொள்வோம். 40 அலகு செலவானதும் இருவரும் திரும்புதல் வேண்டும். அந்தக் கடைசி எல்லையில் ஒருவருடைய கருவி முற்றாகக் கெட்டுவிடினும், மற்றவரிடம் 80 அலகு உண்டு. வெளியேறுவதற்கு ஆளுக்கு 40 அலகு. கணக்கு மீதியின்றித் தீர்கின்றது. ஆகவே, மூன்றாம் பங்கு தனக்கென ஒதுக்கிய சேமிப்பன்று; அது தோழனுடைய மூச்சு. அச்சத்தால் மூச்சு விரைந்தால் இதுவும் போதாது. ஆதலால், மூன்றிலொன்று என்பது மிகக் குறைந்த அளவென்றே தேர்ந்தோர் கொள்வர். இவ்வெளிய வகுத்தற் கணக்கு, பயிற்சியோடு சேர்ந்து, எண்ணற்ற இளைஞரை அவர்தம் வீடுகளுக்குத் திருப்பியனுப்பியது.

இத்துணை எச்சரிக்கையை ஊட்டியவர் தாம் கரையில் அமர்ந்திருக்கவில்லை. லைவ் ஓக்கின் அண்மையிலுள்ள கதீட்ரல் கன்யன் என்னும் குகையில், 1990 ஆம் ஆண்டு, நீரினுள்ளேயே இரண்டு மைலுக்கும் மேற்பட்ட தூரம் உட்சென்று மீண்டார். தூரத்தைப் போலவே ஆழமும் அவரை அழைத்தது. 1983 ஆம் ஆண்டு ஜேர்மனியரான ஹாசன்மாயர், பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றில் 205 மீற்றர் ஆழத்தை எட்டியிருந்தார். எக்ஸ்லி 1988 ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் மாந்தே ஆற்று ஊற்றில் 238 மீற்றரும், அடுத்த ஆண்டு அதே ஊற்றில் 264 மீற்றரும் இறங்கினார்.

இவ்வாழங்களின் பொருளைச் சிறிது விளக்குதல் தகும். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 264 மீற்றரில் ஏறத்தாழ 27 மடங்கு அமுக்கம். தரையில் 27 முறை மூச்செடுக்கப் போதிய காற்று அங்கே ஒரே மூச்சிற் செலவாகிவிடும். அவ்வமுக்கத்தில் நைதரசன் கள்ளைப்போல் அறிவை மயக்கும். ஒட்சிசன் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். அவற்றைக் குறைத்து ஈலியத்தைக் கலந்தால், விரைந்து இறங்குவோனுக்கு உடல் நடுக்கமும் பார்வைக் குழப்பமும் நேரும். 1993 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் புஷ்மன்ஸ்காட் குகையில் 263 மீற்றர் இறங்கியபோது அவர் இத்துன்பத்தை நேரில் அனுபவித்தார். மேலே வருதலும் எளிதன்று. திறந்த சோடாப் போத்தலிற் குமிழி பொங்குவதுபோல், விரைந்து எழுவோனின் குருதியிற் கரைந்த வாயு குமிழியாகி உயிரைப் போக்கும். ஆகவே சில நிமிட நேர ஆழத்துக்கு ஈடாக, பத்து மணி நேரத்துக்கு மேல் நீரினுள்ளேயே படிப்படியாகத் தங்கித் தங்கி எழுதல் வேண்டும்.

130 அடிக்கு மேற்படாதீர் என்று எழுதியவர் எண்ணூறு அடிக்கு அப்பால் இறங்கியது முரணன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வெல்லை சாதாரண காற்றைச் சுவாசிப்போர்க்கு உரியது. அவரோ வேறு வாயுக் கலவைகளோடும், மாதக்கணக்கான ஆயத்தத்தோடும், தமக்கெனக் கணிக்கப்பட்ட அட்டவணைகளோடும் சென்றார். ஆயினும், வினாவின் கூர்மை இதனால் முற்றாக மழுங்கிவிடாது. அவருடைய விதிகள் அனைத்தும் இருவருக்கான விதிகள். தோழனுக்கென்று ஒரு பங்கு மூச்சை ஒதுக்குவதே அவற்றின் உயிர்நாடி. இருநூறு மீற்றருக்குக் கீழேயோ, ஒவ்வொருவர் சுமையும் அவரவர் உயிருக்கே மட்டுமட்டானது. அங்கே அருகில் ஒருவர் இருப்பினும் மனிதன் தனியன்.

அத்தனிமையை 1994 ஆம் ஆண்டு ஏப்பிரல் 6 ஆந் திகதி உலகம் கண்டது. மெக்சிக்கோவின் தமவுலிப்பாஸ் மாநிலத்தில் சக்கட்டோன் என்னும் பெருங்குழி இருக்கின்றது. செங்குத்தான சுவர்களின் நடுவே வட்டமான நீர்ப்பரப்பு. அதன்மேற் புற்றிட்டுக்கள் தீவுகள்போல் மிதக்கும். அப்புல்லினாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. எக்ஸ்லியும் அவர் நண்பர் ஜிம் போடனும் ஆயிரம் அடி ஆழத்தை எட்டும் நோக்கத்தோடு, சில பாக இடைவெளியில் தொங்கிய இரு வேறு கயிறுகளைப் பற்றி இறங்கினர். போடன், எதிர்பார்த்ததைவிடக் காற்றுக் குறைந்திருக்கக் கண்டு, 282 மீற்றரிற் திரும்பினார். மணிக்கணக்காகத் தங்கித் தங்கி அவர் உயிரோடு மேலே வந்தார். எக்ஸ்லி வரவில்லை. மேலே காத்திருந்தோர், அவருடைய கயிற்றின் பக்கம் குமிழிகள் எழாமை கண்டு நிகழ்ந்ததை உணர்ந்தனர். சில நாட்களின் பின் அக்கயிற்றை மேலே இழுத்தபோது அவருடைய உடலும் அதனோடு வந்தது. கயிறு அவரைச் சுற்றியிருந்தது. அவரது ஆழமானி ஏறத்தாழ 276 மீற்றரைக் காட்டிற்று. சாவின் காரணம் இன்றுவரை துணியப்படவில்லை. நாற்பத்தைந்தாவது பிறந்தநாள் கழிந்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன.

பிறருடைய சாவுகளிலிருந்து பாடம் எடுத்தவரின் சாவே பின்வந்தோர்க்கு ஒரு பாடமாயிற்று. அன்னார் வழியிலேயே அவரது நண்பர்களும் புகழ்ச்சியோடு நில்லாது, காற்று எவ்வளவு, கலவை எது, ஆழம் எத்துணை என்று ஆராய்ந்தனர். அவருக்கு அதனினும் பொருத்தமான அஞ்சலி வேறில்லை. 2007 ஆம் ஆண்டு, அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய நாசாவின் ஆதரவில் அமைந்த, தானே இயங்கும் ஒரு பொறியைச் சக்கட்டோனில் இறக்கினர். 319 மீற்றர் ஆழத்தில் அது அடித்தளத்தைக் கண்டது. மூச்சு வேண்டாத பொறிக்கு மூன்று பங்குக் கணக்குத் தேவைப்படவில்லை.

மூச்சு வேண்டுவோர்க்கு அக்கணக்கு இன்றும் தேவைப்படுகின்றது. புளோரிடாவின் குகைவாய்கள் பலவற்றில், பயிற்சியற்றோர் இதற்கப்பாற் செல்லற்க என எச்சரிக்கும் பலகைகள் நீரினுள் நாட்டப்பட்டுள்ளன. பயிற்சி பெறவரும் மாணவரோ, கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைத் தடவி வெளியேறப் பழகுகின்றனர். காற்றை மூன்றால் வகுக்கக் கற்கின்றனர். அவர்களுட் பலர் எக்ஸ்லி மறைந்தபின் பிறந்தவர். ஆழத்தின் அடியை அவர் காணவில்லை. ஆனால் அவர் வகுத்துக் கொடுத்த கணக்கோடு உட்செல்வோர், மாலையிற் கரையேறித் தம் வீட்டுக்குப் போகின்றனர்.