பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்: மீண்டும் கவனம் பெறும் ஃபெலிக்ஸ் டெரெலின் பணி

ஆண்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் உயிரிழந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். 1949ல் பாரிஸில் காலமான நுண்ணுயிரியலாளர் ஃபெலிக்ஸ் டெரெலின் பணியை மருத்துவ உலகம் மீண்டும் ஆராய்வதற்கு இந்த நெருக்கடியே காரணம்.

பாரிஸில் 1873ல் பிறந்த டெரெல், மருத்துவப் பட்டம் ஏதும் பெறாதவர். நுண்ணுயிரியலைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டு, குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் பணியாற்றினார். மெக்சிகோவில் வெட்டுக்கிளிகளைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவை ஆராய்ந்தபோது, வளர்தட்டுகளில் ஆங்காங்கே எதுவும் வளராத தெளிவான புள்ளிகள் தோன்றுவதைக் கவனித்தார்.

அதன் பொருள் முதல் உலகப் போரின்போதுதான் அவருக்கு விளங்கியது. 1915ல் பாரிஸ் அருகே படைவீரர்களிடையே சீதபேதி பரவியது. அப்போது பாஸ்டர் நிறுவனத்தில் ஊதியமின்றிப் பணிபுரிந்துவந்த டெரெல், நோயாளிகளின் மலத்திலிருந்து பாக்டீரியாக்களை வடிகட்டி நீக்கினார். எஞ்சிய திரவத்தைச் சீதபேதிக் கிருமிகளுடன் சேர்த்தபோது அக்கிருமிகள் அழிந்தன. அழிப்பது பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் என்று முடிவு செய்த அவர், பாக்டீரியாவை உண்பது என்ற பொருளில் அதற்கு பாக்டீரியோஃபேஜ் எனப் பெயரிட்டார். இக்கண்டுபிடிப்பு 1917ல் வெளியானது.

மருந்தாகும் முயற்சி

1919ல், தாமும் சக மருத்துவர்களும் முதலில் குடித்துப் பார்த்த பிறகே, பாரிஸ் மருத்துவமனையொன்றில் சீதபேதியால் அவதியுற்ற சிறுவன் ஒருவனுக்கு ஃபேஜ் திரவத்தை டெரெல் அளித்தார். சிறுவன் குணமடைந்தான். 1925ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் பிளேக் நோயாளிகள் நால்வருக்கு அளித்த சிகிச்சையும் பலன் தந்தது. 1927ல் அவர் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்து, காலராவுக்கு எதிராக ஃபேஜ்களைச் சோதித்தார்.

ஆனால் எதிர்ப்பும் வலுவாக இருந்தது. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஃபிரெடெரிக் ட்வோர்ட் 1915லேயே இதே நிகழ்வைப் பதிவு செய்திருந்தார். நோபல் பரிசு பெற்ற ஜூல் போர்தே, அழிவுக்குக் காரணம் வைரஸ் அல்ல, பாக்டீரியாவே உண்டாக்கும் நொதிதான் என வாதிட்டார். 1940 வாக்கில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஃபேஜ்களின் உருவத்தைக் காட்டிய பிறகே இந்தச் சர்ச்சை ஓய்ந்தது.

சிகிச்சையிலும் குறைகள் இருந்தன. ஒவ்வொரு ஃபேஜும் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும். பொருத்தம் பாராமல் தயாரித்து விற்கப்பட்ட ஃபேஜ் மருந்துகள் பலவும் பயனற்றுப் போயின. சிகிச்சை பெறாதவர்களோடு முறையாக ஒப்பிட்டுப் பார்க்காத சோதனைகளும் ஐயத்தை வளர்த்தன. 1940களில் பெனிசிலின் பரவலானதும் மேற்குலகம் ஃபேஜ்களைக் கைவிட்டது.

ஜார்ஜியாவில் எஞ்சிய மரபு

அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஜார்ஜியாவில் நிலைமை வேறாக இருந்தது. டெரெலின் நண்பர் கியோர்கி எலியாவா, திபிலிசியில் ஆய்வு நிலையமொன்றை உருவாக்கினார். 1930களில் டெரெலும் அங்கு சென்று பணியாற்றினார். எலியாவா 1937ல் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார். டெரெல் அங்கு திரும்பவேயில்லை. எனினும் எலியாவாவின் பெயர் தாங்கிய அந்நிலையம் இன்றும் ஃபேஜ் சிகிச்சை அளித்துவருகிறது.

பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் டெரெலுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஃபேஜ்களைக் கொண்டு மரபியலை ஆராய்ந்த மூவருக்கு, அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1969ல் அப்பரிசு வழங்கப்பட்டது.

2016ல் அமெரிக்காவின் சான் டியேகோவில், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றால் மரணத்தின் விளிம்பில் இருந்த ஒருவர் ஃபேஜ் சிகிச்சையால் மீண்டார். மரபணு மாற்றப்பட்ட ஃபேஜ்களால் பிரிட்டிஷ் இளம்பெண் ஒருவரின் உடல்நிலை மேம்பட்டது 2019ல் வெளியானது. ஆயினும் தனிநபர்கள் குணமடைவது மட்டும் போதாது. தீக்காயத் தொற்றுகளுக்காக ஐரோப்பாவில் நடத்தப்பட்ட ஒரு பரிசோதனையில், வழக்கமான மருந்தைவிட ஃபேஜ்கள் மெதுவாகவே செயல்பட்டதாக 2018ல் வெளியான முடிவுகள் காட்டின. நோயாளிகளுக்குக் கிடைத்த ஃபேஜ் அளவு திட்டமிட்டதைவிட மிகக் குறைவாக இருந்ததும் தெரியவந்தது.

டெரெலின் காலத்தில் இச்சிகிச்சையைத் தடுமாற வைத்தவையும் பொருத்தம், தரம், முறையான ஒப்பீடு ஆகிய இவையே. அவர் கண்டது உண்மை என்பதில் இன்று ஐயமில்லை. அது நம்பத்தக்க மருந்தாகுமா என்ற கேள்விக்குக் கட்டுப்பாடான பரிசோதனைகளே விடை தர முடியும்.