நடன மேதை நிஜின்ஸ்கி

1912-ம் ஆண்டு. பாரிஸ் நகரத்து மேடை ஒன்றில், உடம்பெல்லாம் நீல வண்ணம் பூசி, கண்ணபிரானை நினைவூட்டும் கோலத்தில் ஒரு இளைஞர் ஆடினார். "நீலக் கடவுள்" என்பது அந்த நடனத்தின் பெயர். ஆடியவர் வாஸ்லாவ் நிஜின்ஸ்கி. அவர் துள்ளினால் ஒரு கணம் காற்றிலேயே நிற்பது போலத் தோன்றும்.

அந்த மேதையை 30 வயதில் மனநோய் பிடித்துக்கொண்டது. பிறகு 31 ஆண்டுகள் உயிரோடு இருந்தும் அவர் மேடை ஏறவில்லை.

மூன்று பிள்ளைகள்

நிஜின்ஸ்கி 1889-ம் ஆண்டு கீவ் நகரில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைத்த போலந்துக்காரர்கள். அவருக்கு ஒரு அண்ணன், ஒரு தங்கை.

அண்ணன் ஸ்டானிஸ்லாவ் சின்ன வயதில் ஜன்னலில் இருந்து விழுந்தான். பிறகு அவனது அறிவு வளர்ச்சி குன்றியது. கடைசியில் அவனை மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. தந்தையோ குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டார். தாய் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தார்.

1898-ல் பீட்டர்ஸ்பர்க் அரசு நடனப் பள்ளியில் நிஜின்ஸ்கி சேர்ந்தார். ஆட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் படிப்பில் பின்தங்கினார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். முகத்தைப் பார்த்து, ஜப்பான்காரன் என்று பையன்கள் கேலி செய்தார்கள். 1901-ல் அவர்கள் சீண்டி விட்டதால் இசைக் குறிப்பு வைக்கும் கனமான மரத் தாங்கி ஒன்றைத் தாண்டப்போய், கீழே விழுந்து, சில நாட்கள் நினைவின்றிக் கிடந்தார்.

புகழும் வீழ்ச்சியும்

1909-ல் டியாகிலெவின் குழுவோடு பாரிஸ் சென்றார். புகழ் கொட்டியது. 1913-ல் ரொமோலா என்ற பெண்ணை மணந்ததும், டியாகிலெவ் அவரைக் குழுவில் இருந்து நீக்கிவிட்டார். உலகப் போர் வந்தபோது, ரஷியப் பிரஜை என்பதால் புடாபெஸ்ட் நகரில் வீட்டுக் காவல்.

1919 ஜனவரி 19-ந் தேதி சுவிட்சர்லாந்து ஓட்டல் ஒன்றில் கடைசியாக ஆடினார். சில வாரங்களில் மனைவி அவரை சூரிச் நகரில் டாக்டர் பிளாய்லரிடம் அழைத்துச் சென்றார். மனச்சிதைவு நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டியவரே அவர்தான். இது மனச்சிதைவுதான் என்று அவர் முடிவு சொன்னார்.

1950 ஏப்ரல் 8-ந் தேதி லண்டனில் நிஜின்ஸ்கி மறைந்தார். இந்த நோய்க்கு முதல் நல்ல மருந்து 1952-ல்தான் பாரிசில் பயனுக்கு வந்தது. இரண்டே ஆண்டு இடைவெளி!

அறிகுறி தலைவிதி அல்ல

பிரிட்டனில் 1946-ல் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை கவனித்து வந்தார்கள். பின்னாளில் மனச்சிதைவுக்கு ஆளானவர்களில் பலர், குழந்தையாக இருந்தபோது சற்றுத் தாமதமாக நடந்தார்கள்; பேச்சில் தடுமாறினார்கள்; தனியாகவே விளையாடினார்கள்.

ஆனால் தனியாக விளையாடும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. நூறு பேரில் சுமார் ஒருவருக்கே இது வருகிறது. தாய் அல்லது தந்தைக்கு நோய் இருந்தாலும், நூறு பிள்ளைகளில் சுமார் 90 பேர் தப்பிவிடுகிறார்கள்.

இதற்கு நிஜின்ஸ்கியின் தங்கையே சாட்சி. அதே வீடு, அதே வறுமை, அதே பள்ளி. பிரானிஸ்லாவா பெரிய நடன ஆசிரியையாகி, 81 வயது வாழ்ந்து 1972-ல் மறைந்தார்.

ஆகவே, கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று படிப்பை விட்டால், அறைக்குள் ஒடுங்கினால், யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றால், காற்று கருப்பு என்று மந்திரவாதியைத் தேடி நாளைக் கடத்தக்கூடாது. ஈஜிபுராவில் குடியிருப்பவர்களுக்கு ஓசூர் சாலை நிமான்ஸ் ஆஸ்பத்திரி தூரம் இல்லை. குழந்தைகளுக்கென்று அங்கே தனிப் பிரிவே இருக்கிறது.

நிஜின்ஸ்கிக்கு அப்போது மருந்து இல்லை. இன்று இருக்கிறது.