மூன்று தீபாவளி கண்ட குரல்

போலாரமும் திருமலகிரியும் பட்டாளத்து ஊர்கள். இரண்டாவது உலகப்போர் நடந்த காலத்தில் இந்த ஊர்களில் இரண்டு விதமான சங்கீதம் இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அமெரிக்க, இங்கிலீஷ் பாண்டு வாத்திய இசை. தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரே ஒரு குரல். அதுதான் எம்.கே.தியாகராஜ பாகவதரின் குரல்.

அந்த நாளில் அமெரிக்காவில் கிளென் மில்லர் என்பவர் பெரிய பாண்டு குழு ஒன்றை நடத்திக் கொடிகட்டிப் பறந்தார். ரெயிலைப் பற்றிய அவருடைய பாட்டு ஒன்று 12 லட்சம் தட்டுகள் விற்றது. அதற்காக 1942-ம் ஆண்டு அவருக்குத் தங்க முலாம் பூசிய தட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். இசைத்தட்டு செய்ய அரக்கு வேண்டும். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்துதான் உலகம் முழுவதற்கும் போயிற்று.

மில்லர் பிறந்த தேதி 1904-ம் ஆண்டு மார்ச் 1. பாகவதர் பிறந்ததும் மார்ச் 1-தான், ஆண்டு 1910. இருவர் வாழ்விலும் இடி விழுந்தது ஒரே மாதத்தில். 1944-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி இங்கிலாந்தில் இருந்து பிரான்சுக்கு விமானத்தில் புறப்பட்ட மில்லர் காணாமற் போனார். அதே டிசம்பர் மாதத்தில் சென்னைப் போலீசார் பாகவதரைக் கைது செய்தார்கள். மில்லரின் கதை அத்துடன் முடிந்தது. பாகவதர் அதன் பிறகு 15 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த 15 ஆண்டுகள்தான் அவர் கதையில் பெரிய சோகம்.

கடப்பைக்கு ஓடிய சிறுவன்

மாயவரத்தில் பொற்கொல்லர் குலத்தில் பிறந்தவர் தியாகராஜன். தந்தையார் பெயர் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி. குடும்பம் பின்னர் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பாட்டு என்றால் ஊண் உறக்கம் வேண்டாம். தந்தையின் கண்டிப்பு தாங்காமல் ஒரு நாள் வீட்டை விட்டு ஓடிவிட்டான்.

தேடி அலைந்த தந்தைக்கு, பையன் கடப்பையில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. போய்ப் பார்த்தார். தெலுங்கு பேசும் அந்த ஊரில் ஒரு கூட்டம் வட்டமாகக் கூடி நிற்க, நடுவில் மகன் பாடிக்கொண்டு இருந்தான். மொழி தெரியாத ஜனங்கள் மெய்ம்மறந்து கேட்டார்கள். அதன் பிறகு மகன் பாடுவதைத் தந்தை தடுக்கவில்லை.

ரெயில்வே அதிகாரி கண்டெடுத்தார்

திருச்சியில் எப்.ஜி.நடேசய்யர் என்று ஒருவர் இருந்தார். தென்னிந்திய ரெயில்வேயில் அதிகாரி. நாடகத்தில் தீராத ஆசை கொண்டவர். ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். தாமே மேடை ஏறி நடிப்பவர்.

பஜனை ஒன்றில் சிறுவன் தியாகராஜனின் குரலை நடேசய்யர் கேட்டார். "அரிச்சந்திரா" நாடகத்தில் லோகிதாசன் வேடத்துக்கு அவருக்கு ஒரு பையன் தேவைப்பட்டது. தந்தையிடம் அனுமதி பெற்று, 10 வயதுப் பையனை மேடை ஏற்றினார். கணக்கும் கடிதமுமாகப் பொழுது போகும் ரெயில்வே ஆபீசில் இருந்த ஒருவரின் காது, தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பாடகரைக் கொடுத்தது.

அதன் பின் பிடில் வித்வான் மதுரை பொன்னு அய்யங்கார், பையனுக்கு ஆறு ஆண்டுகள் சங்கீதம் கற்றுக்கொடுத்தார். கூலி வாங்கவில்லை. நடராஜ வாத்தியார் நடிப்பு சொல்லிக்கொடுத்தார். முதல் கச்சேரியில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை கஞ்சிரா வாசித்தார். பெரிய மேதையான அவர், பையனின் பாட்டைக் கேட்டு "பாகவதர்" என்ற பட்டத்தை மேடையிலேயே சூட்டினார்.

50 பாட்டுப் படம்

அந்தக் காலத்து நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்து இருப்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டும். அதனால் உச்ச சுருதியில் பாடினார்கள். எஸ்.ஜி.கிட்டப்பா அப்படிப் பாடித்தான் மக்களை மயக்கினார். அவர் 1933-ம் ஆண்டு டிசம்பரில், 30 வயது ஆகும் முன்பே காலமானார். அந்த இடம் காலியாயிற்று.

மறு ஆண்டே "பவளக்கொடி" படம் வந்தது. பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் நடித்து வந்த நாடகம்தான் படமாயிற்று. டைரக்டர் கே.சுப்பிரமணியம். விளக்கு வசதி போதாமல் சூரிய வெளிச்சத்தில் படம் எடுத்த காலம் அது. படத்தில் சுமார் 50 பாட்டுகள். இன்றைய ரசிகர்களுக்கு அது நம்ப முடியாத எண்ணிக்கை. அன்றைய ரசிகர்கள் பாட்டுக் கேட்கத்தான் தியேட்டருக்குப் போனார்கள்.

1937-ம் ஆண்டு ஒய்.வி.ராவ் டைரக்டு செய்த "சிந்தாமணி" ஓராண்டுக்கு மேல் ஓடியது. அந்தப் படத்தில் கிடைத்த லாபத்தைக் கொண்டு மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்குச் "சிந்தாமணி" என்றே பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர் "அம்பிகாபதி"யை டைரக்டு செய்தார். 1939-ல் "திருநீலகண்டர்". 1941-ல் "அசோக்குமார்". இதில் தெலுங்கு நாட்டுக் கலைஞர்களான கண்ணாம்பாவும் நாகையாவும் உடன் நடித்தார்கள். பின்னாளில் முதல்-அமைச்சரான எம்.ஜி.ஆர். சிறிய வேடத்தில் வந்தார். 1943-ல் "சிவகவி".

தோள் வரை தொங்கிய அவருடைய முடியைப் பார்த்து இளைஞர்கள் "பாகவதர் கிராப்" வைத்துக்கொண்டார்கள். படம் பார்க்க வசதி இல்லாதவர்கள் கூட, கிளப்புக் கடையில் கிராமபோன் வைத்தால் வாசலில் நின்று கேட்டார்கள்.

போரும் படமும்

போர் வந்ததும் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தது. அரிசி ரேஷன், மண்எண்ணெய் ரேஷன். படச்சுருளும் அப்படியே. வெளிநாட்டில் இருந்து கப்பலில் வர வேண்டிய சரக்கு. ஆகவே ஒரு படம் 11 ஆயிரம் அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் 1942-ல் சென்னை நகரமே பாதி காலியாயிற்று.

அந்தச் சமயத்தில் எடுக்கப்பட்ட படம்தான் "ஹரிதாஸ்". பெற்றோரை மதிக்காத மகன் திருந்தி, அவர்களையே தெய்வமாகக் கொள்ளும் கதை. பாபநாசம் சிவன் பாட்டு எழுதி மெட்டுப் போட, ஜி.ராமநாதன் வாத்திய இசை அமைத்தார். டி.ஆர்.ராஜகுமாரி கதாநாயகி. நகைச்சுவைக்கு என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும்.

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு, அக்டோபர் 16-ந் தேதி, படம் வெளியாயிற்று. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தத் தீபாவளிக்கு ஓடத் தொடங்கிய படம் அடுத்த தீபாவளிக்கும் ஓடிக்கொண்டு இருந்தது. அதற்கு அடுத்த தீபாவளிக்கும் ஓடிக்கொண்டு இருந்தது. ஆனால் இரண்டாவது தீபாவளிக்கும் மூன்றாவது தீபாவளிக்கும் அதன் கதாநாயகன் வீட்டில் இல்லை, ஜெயிலில் இருந்தார். நகைச்சுவை நடிகரும் ஜெயிலில் இருந்தார்.

லட்சுமிகாந்தன் வழக்கு

சென்னையில் சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி அவதூறாக எழுதுவதே அதன் வேலை. பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடம் மனுக்கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்சு ரத்தாயிற்று. பின்னர் "இந்து நேசன்" என்ற பத்திரிகையில் லட்சுமிகாந்தன் அதே வேலையைத் தொடர்ந்தார்.

"ஹரிதாஸ்" வெளிவந்து மூன்று வாரம் கழித்து, நவம்பர் 8-ந் தேதி, வேப்பேரியில் கைரிக்‌ஷாவில் போய்க்கொண்டு இருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். மனுக்கொடுத்த மூவர் மீதும், கொலைச் சதியில் சம்பந்தப்பட்டதாக வழக்கு வந்தது.

சென்னை ஐகோர்ட்டில் ஜூரிகளை வைத்து விசாரணை நடந்தது. 1945-ம் ஆண்டு மே 3-ந் தேதி தீர்ப்பு. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை ஆனார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. தமிழ்நாடே திகைத்துப் போயிற்று.

அப்பீல் செய்தார்கள், ஐகோர்ட்டு தள்ளிவிட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். வழக்கை மறுபடியும் கவனிக்கும்படி பிரிவி கவுன்சில் உத்தரவு போட்டது. மறு விசாரணையில் சாட்சியங்களை நம்ப முடியாது என்று கண்ட ஐகோர்ட்டு, 1947-ம் ஆண்டு ஏப்ரலில் இருவரையும் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலை செய்தது. இரண்டு ஆண்டுக்கும் மேலாக ஜெயிலில் கழிந்திருந்தது.

கோர்ட்டு திருப்பித் தர முடியாதது

கைதாகும்போது பாகவதரின் கையில் பல படங்கள் இருந்தன. முன்பணம் திரும்பிப் போயிற்று. அவர் நடிக்க வேண்டிய "உதயணன்" படத்தில் சங்கீத வித்வான் ஜி.என்.பாலசுப்பிரமணியம் நடித்தார். வழக்குச் செலவு சொத்தைக் கரைத்தது.

வெளியே வந்த பாகவதர் "ராஜமுக்தி" என்ற சொந்தப் படத்தைப் பூனாவில் எடுத்தார். எழுத்தாளர் புதுமைப்பித்தன் வசனம் எழுதப் போனார். நோய்வாய்ப்பட்டுத் திரும்பி, 1948-ல் காலமானார். இளம் பாடகி எம்.எல்.வசந்தகுமாரி அந்தப் படத்தில் பின்னணி பாடினார். படம் ஓடவில்லை. 1952-ல் "அமரகவி", "சியாமளா" என்று இரு படங்கள். 1957-ல் "புதுவாழ்வு". எதுவும் அவருக்குப் பழைய வாழ்வைக் கொடுக்கவில்லை.

குரல் போய்விட்டது என்று சொன்னார்கள். உண்மை அது மட்டும் அல்ல. காலமே மாறிவிட்டது. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்ற முறை நிலைத்துவிட்டது. 1949-ல் அண்ணாவின் "வேலைக்காரி", 1952-ல் கருணாநிதி வசனம் எழுதிய "பராசக்தி" என்று படங்கள் வந்தன. ஜனங்கள் பாட்டுக்குக் கைதட்டியது போய், வசனத்துக்குக் கைதட்டினார்கள். சீர்திருத்த வசனம் தெரிந்த என்.எஸ்.கிருஷ்ணன் புதிய காலத்தோடு சேர்ந்துகொண்டார். "நல்லதம்பி", "மணமகள்" என்று வெற்றி பெற்றார். பாகவதருக்குத் தெரிந்தது பாட்டு ஒன்றுதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். போர் முடிந்த மறு ஆண்டு, 1946-ன் முடிவில், புகழ்பெற்ற பெரிய பாண்டு குழுக்கள் பல அடுத்தடுத்துக் கலைந்தன. ரசிகர்கள் தனிப் பாடகர்களின் பக்கம் போய்விட்டார்கள். போர்க்காலத்தில் மனிதருக்கு ஆறுதல் கொடுத்த இசை, சமாதானம் வந்ததும் பழையதாகிவிட்டது. ஆனால் அங்கே கலைஞர்கள் கண் எதிரே காலம் மாறியது. அவர்களும் மெல்ல மாறிக்கொள்ள முடிந்தது. பாகவதர் ஜெயிலுக்குள் இருந்தபோது வெளியே காலம் மாறிவிட்டது. வெளியே வந்து பார்த்தால் ரசிகர்களே புது ஆட்கள்.

கடைசி நாட்கள்

பாகவதர் யாரையும் குறை சொல்லித் திரியவில்லை. கோவில் கோவிலாகப் போனார், கச்சேரிகள் செய்தார். நீரிழிவு நோய் உடம்பை அரித்தது. கண் பார்வை மங்கியது. 1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 49. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. அவர் நடித்த கடைசிப் படமான "சிவகாமி" அவர் மறைந்த பிறகு 1960-ல்தான் வெளிவந்தது.

அவர் பாணி மறையவில்லை. டி.எம்.சவுந்தரராஜன் 1950-ல் "கிருஷ்ண விஜயம்" படத்தில் பாடத் தொடங்கியபோது, பாகவதர் குரலைப் போலவே பாடித்தான் பேர் வாங்கினார்.

பாகவதரின் பெயரைச் சொன்னால் இன்றும் சிலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கொலை வழக்குதான். தண்டனை பெற்றது தெரிந்த அளவுக்கு, விடுதலை பெற்றது தெரியவில்லை. வழக்கு போட்ட செய்தி காட்டுத்தீ போலப் பரவும். விடுதலைச் செய்தி மாட்டுவண்டியில் வரும். மறு விசாரணையில் குற்றம் இல்லை என்று ஐகோர்ட்டே தீர்ப்புக் கூறிய மனிதர் அவர். அவருடைய பாட்டைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் பெரியவர்கள், அந்த ஒரு சேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.