ஜவுளிக்கடை குமாஸ்தா பெற்ற மேதை

திருப்பூர் காதர்பேட்டையில் விற்கும் பனியன்களுக்கு வெட்டு வடிவம் வரைவது ஒரு காலத்தில் கட்டிங் மாஸ்டரின் கைவேலை. இன்று பல கம்பெனிகளில் அளவைச் சொன்னால் கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறது. வடிவ கணிதப் படங்களையும் இப்படி வரையலாம். எழுத்தில் உள்ள விவரத்தைப் படமாக்கும் ப்ரோகிராம்கள் வந்துவிட்டன. 2001இல் தோன்றிய ஜியோஜீப்ரா அவற்றில் பெயர் பெற்றது.

அவற்றுக்கு நல்ல பரீட்சை வைக்க ஒரு பக்கம் போதும். அதை எழுதியவர் திருப்பூருக்கு அடுத்த ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜன்.

1887 டிசம்பர் 22ஆம் தேதி, தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை குமாஸ்தா. ஏழைக் குடும்பம். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். மற்ற பாடங்களில் தேறாததால் கல்லூரிப் படிப்பு பாழாயிற்று. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார்.

மறு ஆண்டு, வட்டத்துக்குச் சமமான சதுரம் வரையும் வழியை இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் ஒரே பக்கத்தில் எழுதினார். அளவுகோலும் காம்பஸும் கொண்டு இதை அணுவளவும் பிசகாமல் செய்ய முடியாது என்று 1882இலேயே ஜெர்மானியர் லிண்டெமான் நிரூபித்துவிட்டார். ராமானுஜன் காட்டியது மிக நெருங்கிய வழி. ஆரம் 1 ஆனால் சதுரத்தின் பரப்பு 355ஐ 113ஆல் வகுத்த ஈவு, அதாவது 3.1415929. உண்மை அளவு 3.1415927. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் ஆனாலும் சதுரத்தின் பக்கம் ஓர் அங்குலம்தான் கூடும் என்று அவரே கணக்கிட்டிருக்கிறார். அந்த வட்டத்துக்குள் தமிழ்நாட்டைப்போல் இரண்டே முக்கால் மடங்கு நிலம் அடங்கும்!

படத்தை மூடிவிட்டு, வாக்கியங்களை மட்டும் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பாருங்கள். விட்டத்தின் ஒரு முனையை நோக்கிய ஆரத்தை மூன்றாகப் பிரித்து, அந்த முனைக்கு அருகிலுள்ள புள்ளியில் செங்குத்துக் கோடு போட வேண்டும். அருகிலுள்ள என்ற ஒரு சொல் விட்டுப்போனால் புள்ளிகள் இரண்டாகிவிடும். மையத்தை ஒட்டிய புள்ளியை எடுத்துக்கொண்டால், 3.14 வர வேண்டிய இடத்தில் 2.85தான் வரும். படமோ பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். செங்குத்துக் கோடு வட்டத்தை மேலே தொட்டாலும் கீழே தொட்டாலும் பாதகமில்லை, நீளம் ஒன்றே. எந்தச் சொல் அவசியம், எது வேண்டாம் என்பதை ராமானுஜன் அறிந்து எழுதியிருக்கிறார்.

1914இல் கப்பலேறி கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அடுத்த ஆண்டு நோயுடன் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

மனைவி ஜானகி அம்மாள் பிற்பாடு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து ஜீவனம் நடத்தினார். அவர் காலமானது 1994இல்.