புல்வெளி தந்த பாடம்

பறவையியலறிஞர் சலீம் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி வளர்த்தார். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறங்கண்டு, அஃது உண்ண ஹலாலானதோ என மாமனிடம் வினவினார். பறவையை இனங்காண இயலாத மாமன், அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கு மில்லார்ட் என்பார் காட்டிய பதப்படுத்திய பறவைகளே அவர் வாழ்வின் திசையை வகுத்தன. பிற்காலத்தில் டில்லன் ரிப்ளியுடன் அவர் எழுதிய பத்துத் தொகுதிகள் (1968–1974) இலங்கைப் பறவைகளையும் உள்ளடக்கியவை.

எனினும், அவர் வரலாற்றில் நாம் கற்கவேண்டிய அரிய பாடம் ராஜஸ்தானத்துப் பரத்பூரில் உள்ளது. அங்குள்ள கேவலாதேவ் பறவைப் புகலிடத்தில் எருமைகள் மேய்வது கேடென அவரும் கருதினார். 1982 இல் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தவர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். ஆனால், அவர் வழிநடத்திய கழகமே 1980 முதல் பத்தாண்டுகள் அங்கு நிகழ்த்திய ஆய்வு வேறோர் உண்மையைக் கண்டது. எருமைகள் நீங்கியதும் பஸ்பாலம் என்னும் நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்து நீர்ப்பரப்பை மூடிற்று. நீர்ப்பறவைகளின் வாழிடம் சுருங்கிற்று. மேய்ந்த வாய்களே அதுவரை புல்லை அளவில் வைத்திருந்தன.

1987 ஜூன் 20 இல் சலீம் அலி மறைந்தார். தலைவர் கொண்ட கருத்துக்கு மாறான முடிவையும் கழகம் மறைக்காது வெளியிட்டது. வயலோரத்தில் எருமையும் கொக்கும் கூடித் திரியக் காணும் கல்முனைப் பகுதியினர்க்கு அம்முடிவு எளிதில் விளங்கும்.